குச்சிக்கிழங்கைக் காத்த குளவி



நம் பூங்காவில் செம்பருத்திச் செடிகளின் நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் படர்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது: மாதம் ஒருமுறை பூங்கா முழுவதும் மருந்தடிக்க ஆள் வைத்துவிடலாம் என்று. அடுத்த பொதுக்குழுவில் அது பேசப்பட இருக்கிறது. கை தூக்குவதற்கு முன்னால் நீங்கள் ஒரு கதையைப் படித்துவிட வேண்டும். இதே மாவுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூச்சி நம் ஊரைச் சுற்றியுள்ள காடுகளுக்கு வந்த கதை, அதன் பின்னாலேயே அதன் எதிரி வந்த கதை.

நாமகிரிப்பேட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நாகஸ்வர மேதை கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். வியாபாரிகளுக்கு மஞ்சள் ஏலம் நினைவுக்கு வரும். நம் மொட்டை மாடியில் நின்று போதமலைப் பக்கம் பார்த்தால் கண்ணில் படுவதில் பெரும்பங்கு இன்னொரு பயிர். புத்தகத்தில் மரவள்ளி, நம் வாயில் குச்சிக்கிழங்கு. குச்சியை வெட்டி நட்டால் முளைப்பதால் அந்தப் பெயர்.

செடி முதலில் வந்தது

குச்சிக்கிழங்கு நம் மண்ணின் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் அதை ஆப்பிரிக்காவுக்கும், 17ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரைக்கும் கொண்டுவந்தார்கள். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு உதவும் பயிர் என்று அதை ஊக்குவித்தார்.

சேலம் பக்கம் அது பெரிய பயிரானது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். அதுவரை ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரால் அந்த வரவு நின்றது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் ஜவ்வரிசித் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து 1943இல் மரவள்ளி மாவிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த தொழில்தான் இன்று ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் வழியெல்லாம் நாம் பார்க்கும் சேகோ ஆலைகள். ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் உருவானது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பயணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கடல் தாண்டியது செடி மட்டும்தான். தென் அமெரிக்காவில் அதைத் தின்றுகொண்டிருந்த பூச்சிகளில் பல அங்கேயே தங்கிவிட்டன. அந்தப் பூச்சிகளைத் தின்றுகொண்டிருந்தவையும் அங்கேயே தங்கின. பல நூறு ஆண்டுகள் செடிக்கு இங்கே நிம்மதி.

செடி தன்னளவில் வெறுங்கையாக நிற்பதும் இல்லை. குச்சிக்கிழங்குத் தழையை மேய்ந்த ஆடு வயிறு உப்பிச் செத்தது என்று உங்கள் தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். இலையும் தோலும் நசுங்கும்போது அவற்றில் சயனைடு உண்டாகிறது. தன்னைத் தின்ன வருவோருக்கு எதிராகச் செடி வளர்த்துக்கொண்ட ஆயுதம் அது. ஆனால் அதே செடியோடு தென் அமெரிக்காவில் காலம்காலமாக வாழ்ந்து பழகிய ஒரு மாவுப்பூச்சிக்கு அந்த நஞ்சு தடையாக இல்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சியே அது பிழைக்கும்.

பூச்சி பின்னால் வந்தது

அந்த மாவுப்பூச்சி முதலில் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பக்கத்து ஊர்களில் மரவள்ளியின் நுனி சுருண்டு, கணுக்கள் நெருங்கி, கொத்துக் கொத்தாகக் குறுகிப்போனது. பூச்சி ஒட்டிய நடவுக்குச்சியோடு அது அங்கே வந்திருக்க வேண்டும். அந்தப் பூச்சியில் பெண் மட்டும்தான் உண்டு. ஆண் துணை இல்லாமலே ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரே ஒரு பூச்சி தப்பிப் பிழைத்தாலும் ஒரு காட்டை நிறைத்துவிடும்.

நமக்குக் குச்சிக்கிழங்கு என்றால் ஆலைக்குப் போகும் சரக்கு. அங்கே அது அன்றாடச் சோறு. ஏறக்குறைய 20 கோடிப் பேரின் வயிறு அதை நம்பியிருந்தது. பூச்சி கடுமையாகத் தாக்கிய இடங்களில் விளைச்சலில் முக்கால் பங்குக்கு மேல் போனது. கிழங்கு சிறுத்தது ஒரு பக்கம். அடுத்த போகத்துக்கு நடக் குச்சி கிடைக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய அடி.

மருந்து அடித்தார்கள். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது. சுருண்ட இலைக்குள் ஒளிந்திருப்பவற்றின் மேல் மருந்து படவே படாது. சிறு விவசாயிகளால் திரும்பத் திரும்ப மருந்து வாங்கவும் முடியவில்லை.

நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் 1979இல் வேலைக்குச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வேறு கேள்வியைக் கேட்டார். மரவள்ளியின் பிறந்த வீட்டில் இந்தப் பூச்சி ஏன் பெரிய தொல்லையாக இல்லை? அங்கே அதை யாரோ அடக்கி வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ யார்?

தேடல் தொடங்கியது. தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்க்க அதே போலத்தான் இருந்தது. அதன் எதிரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கப் பூச்சியை அவை அடக்கவில்லை. பிறகுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. அந்த இனத்துக்கே பின்னால் ஹெரென் பெயரை வைத்தார்கள். கடைசியில் 1981இல் கொலம்பியாவின் பன்னாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆன்டனி பெலோட்டி, பராகுவே நாட்டில் சரியான பூச்சியைக் கண்டுபிடித்தார். ஆப்பிரிக்காவில் கண்டம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த பூச்சி, சொந்த ஊரில் தேடித் தேடித்தான் கிடைத்தது. அவ்வளவு அரிதாக அதை வைத்திருந்தவற்றில் ஒன்று ஒரு குளவி. அதன் அறிவியல் பெயர் அனாகைரஸ் லோபெசி.

குளவி என்றதும் பயப்பட வேண்டாம். எள்ளைவிடச் சிறியது. மனிதரைக் கொட்டாது.

குளவியை நேரே ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் விடவில்லை. முதலில் இங்கிலாந்தில் தனிமைப்படுத்தி வளர்த்து, அதனோடு வேறு நோயோ ஒட்டுண்ணியோ வரவில்லை என்று உறுதிசெய்தார்கள். 1981இன் கடைசியில் நைஜீரியாவில் முதன்முதலாக விட்டார்கள். பின்னர் விமானத்திலிருந்தும் விட்டார்கள். குளவி தானாகவும் பரவியது. இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைகொண்டது, பூச்சி அடங்கியது. ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

குளவி என்ன செய்கிறது?

பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. பூச்சி உப்பி, பழுப்பேறி, தோல் கெட்டியாகி வெறும் கூடாகிறது. சில நாளில் அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வருகிறது. முட்டையிலிருந்து குளவியாக ஏறக்குறைய மூன்று வாரம் போதும்.

இத்தனை சிறிய குளவி, அத்தனை பெரிய காட்டில் பூச்சி இருக்கும் செடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1980களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடியிலிருந்து ஒரு வாசனை வருகிறது. அந்தச் செடியில் பூச்சி இல்லாத இலையும்கூட அந்த வாசனையைத் தருகிறது. குளவி அதை நோக்கி வருகிறது. கூப்பிடுவது செடி, வருவது குளவி.

இன்னொன்று இதைவிட வியப்பானது. முட்டை ஆணாகுமா பெண்ணாகுமா என்பது தாய்க் குளவியின் கையில் இருக்கிறது. சிறிய மாவுப்பூச்சி கிடைத்தால் பெரும்பாலும் ஆண் முட்டையை இடும். பெரிய பூச்சி கிடைத்தால் பெண் முட்டையை இடும். பெண்ணுக்குத் தீனி அதிகம் வேண்டும் அல்லவா?

இதன் விளைவு எங்கே போய் முட்டுகிறது பாருங்கள். ஆப்பிரிக்காவில் சில இடங்களில் மட்டும் குளவியால் பூச்சியை அடக்க முடியவில்லை. எல்லாம் சத்தில்லாத மணல் நிலங்கள். நிலம் மெலிந்தால் செடி மெலிகிறது. செடி மெலிந்தால் அதை உறிஞ்சும் பூச்சியும் சிறுத்துப்போகிறது. சிறிய பூச்சியில் ஆண் குளவிகளே அதிகம் பிறக்கின்றன. பெண் குளவி குறைந்தால் முட்டையிட ஆள் இல்லை. நிலத்துக்கு எருவும் மூடாக்கும் கொடுத்த இடத்தில் நிலைமை தேறியது. மண், செடி, பூச்சி, குளவி நான்கும் ஒரே சங்கிலி. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல

ஒரு பூச்சியின் எதிரியைக் கொண்டுவந்து விடுவது ஏதோ புது முயற்சி என்று நினைக்காதீர்கள். நம் பெரியவர்களுக்குச் சப்பாத்திக்கள்ளி தெரியும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்க ஆசைப்பட்டுச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது வேறு வகை; நல்ல சாயம் தரவில்லை. கள்ளியை மட்டும் நன்றாகத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துப் பின்னாளில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் பரப்பினார்கள். ஒரு வகைக் கள்ளி அடங்கியது; இன்னொரு வகையை அந்தப் பூச்சி அண்டவில்லை. அதற்கு உரிய பூச்சியை 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த பிறகே சில ஆண்டுகளில் அதுவும் அடங்கியது. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு எதிரி உண்டு. ஒன்றைப் போலவே இருக்கிறது என்று வேறொன்றைக் கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது. பராகுவே வரை போய் ஹெரென் குழு கற்றதும் அதுவே.

அடுத்தது பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோவையில் தெரிய வந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் தாக்கியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தையே அழித்த காலம் அது. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தார்கள். பெங்களூரில் வளர்த்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாக விவசாயிகளிடம் கொடுத்தார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக நிலைகொண்டது. பூச்சி அடங்கியது.

அது அடங்கிப் பத்தாண்டு ஆவதற்குள் ஆப்பிரிக்காவைப் படுத்திய மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவுக்கு வந்தது. 2008இல் தாய்லாந்தில் நுழைந்து ஆசியாவுக்குள் காலூன்றியிருந்த அது, 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகப் பதிவானது. சில மாதங்களில் நம் சேலம், நாமக்கல் காடுகளிலும் அதே காட்சி: சுருண்ட நுனி, நெருங்கிய கணு, வெள்ளை மாவு. கொரோனா ஊரடங்கில் நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது, நமக்குத் தெரிந்த பல குடும்பங்கள் காட்டில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த முறை விடையைத் தேடிப் பராகுவே போக வேண்டியிருக்கவில்லை. பெனின் நாட்டில் உள்ள அதே பன்னாட்டு நிறுவனத்தின் நிலையத்தில் குளவி இருந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021இல் அதை வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளிடம் குளவிகள் வழங்கப்பட்டன. ஏத்தாப்பூர் எங்கேயோ இல்லை. சேலம்–ஆத்தூர் சாலையில், பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்தில்தான் இருக்கிறது. பராகுவேயில் கிடைத்து, இங்கிலாந்து, நைஜீரியா, பெனின், பெங்களூர் என்று நாற்பது ஆண்டு பயணம் செய்த குளவி நம் பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்தது. விட்ட காடுகளில் அது தலைமுறை தலைமுறையாகப் பெருகத் தொடங்கியது. பூச்சியின் தாக்கம் குறைந்தது.

ஒழிந்துவிட்டதா?

ஒழியவில்லை. இந்தக் கதையிலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். இன்றைக்கும் குச்சிக்கிழங்குக் காட்டில் தேடினால் மாவுப்பூச்சி கிடைக்கும். கோடையில் கொஞ்சம் ஏறும்; மழை பெய்தால் இறங்கும். பூச்சி கூடினால் பின்னாலேயே குளவி கூடும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். பூச்சி அடியோடு ஒழிந்தால் குளவிக்குச் சோறு இல்லை. குளவி போய்விட்டால், அடுத்து வரும் ஒரே ஒரு பூச்சி மறுபடி காட்டை நிறைக்கும். கொஞ்சம் பூச்சி இருந்துகொண்டே இருப்பதுதான் காவல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். பராகுவே காட்டில் பெலோட்டி பார்த்த நிலை அதுதான்.

பூச்சியே கண்ணில் படக்கூடாது என்று விடாமல் மருந்தடித்தால் முதலில் சாவது குளவி. அதன் மேல் மெழுகுப் பூச்சு கிடையாது. இலை மேல் நடந்து திரிவதால் மருந்து நேரே படும். மாவுக்குள் ஒளிந்த பூச்சியில் சில பிழைக்கும். காவல் இல்லாத இடத்தில் அவை முன்னைவிட வேகமாகப் பெருகும். மறுபடி மருந்தடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை என்று தொடங்குவது அப்படியே நிற்காது.

நம் செம்பருத்தியில் இருப்பது எந்த மாவுப்பூச்சி என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செம்பருத்தியில் பல வகை மாவுப்பூச்சிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் உரிய குளவி வேறு. ஆனால் குளவி வந்திருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம்.

வெள்ளை மாவுக்கு நடுவே பழுப்பாக உப்பிய, கெட்டியான சிறு கூடுகள் தெரிகின்றனவா? அவற்றில் ஊசி குத்தியதுபோல வட்ட ஓட்டை இருக்கிறதா? இருந்தால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது. அந்தச் செடியைச் சில வாரம் விட்டுவையுங்கள்.

தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறதா? மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை விரட்டும். முதலில் எறும்பு ஏறும் வழியை அடையுங்கள்.

கூடு ஒன்றும் இல்லை, மாவு மட்டும் அதிகம் என்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி நுனியைக் கழுவுங்கள். ரொம்பவும் தாக்கிய நுனியை வெட்டி எடுத்துவிடலாம். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடிப்பதென்றால் அந்தச் செடியில், அந்தக் கிளையில் மட்டும் போதும்.

வெளியிலிருந்து செடியோ பதியனோ கொண்டுவரும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். குச்சிக்கிழங்கின் பூச்சி கண்டம் தாண்டியது நடவுக்குச்சியில் ஏறித்தான்.

பொதுக்குழுவுக்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் எல்லாரும் சேர்ந்து செடிகளைப் பார்ப்போம். வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், நம்மைவிட அவர்கள் கண்ணுக்கு முதலில் தெரியும். ஓட்டை போட்ட கூடு எத்தனை செடியில் இருக்கிறது என்று எண்ணிவிட்டு, அந்தக் கணக்கோடு கூட்டத்துக்குப் போவோம். அதன் பிறகும் மருந்து வேண்டும் என்று முடிவானால், எந்தச் செடிக்கு என்பதாவது நமக்குத் தெரிந்திருக்கும்.